ஓராண்டு முடிகிறது: புற்றுநோய் கேள்வி – பதில்

புற்றுநோய் என்று தெரியவந்த நாள் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருகிறது. அதை ஒட்டி எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் பத்துக்கு இந்த இதழில் பதில். பதில்கள் பொதுவானவை. உங்கள் ஃபைலைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஊசி வைத்துச் சதை எடுத்தது ஆனி மாதம். ரிப்போர்ட் பத்து நாள் கழித்து வந்தது. ஆபரேஷன் ஆவணியில், கடைசி கீமோ தையில், ரேடியேஷன் முடிந்தது பங்குனியில். ‘ஒரு வருடம் ஆயிற்று’ என்று எந்த நாளிலிருந்து சொல்வது? வீட்டில் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

எல்லாத் தேதியும் சரிதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேடுகளில் நோய் உறுதியான தேதியாக எழுதுவது, பயாப்ஸிக்குச் சதை எடுத்த நாளை. அது தெரியாவிட்டால் சதை லேபுக்குப் போய்ச் சேர்ந்த நாள், அதுவும் இல்லாவிட்டால் ரிப்போர்ட் தேதி. ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு’ என்று நீங்கள் படிக்கும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் நோய் உறுதியான தேதியிலிருந்து கணக்கிட்டவை. ஆகவே உங்கள் ஆண்டு நிறைவு ஆனி மாதத்து நாள்தான். கடைசி கீமோ முடிந்த நாளையும் கொண்டாட ஆசையா, கொண்டாடுங்கள். இரண்டு தடவை பாயசம் வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் மருத்துவமனையின் காலண்டர் வேறு. ஆனி வந்ததும் “ஒரு வருடம் ஆயிற்றே, மேமோகிராம் எடுக்கவேண்டாமா?” என்று பலர் ஓடுகிறார்கள். மார்பகத்தை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்திருந்தால், ரேடியேஷன் முடிந்து குறைந்தது ஆறு மாதம் கழித்தே முதல் மேமோகிராம். அதற்கு முன் எடுத்தால் வீக்கமும் தோல் தடிப்பும் படத்தில் குழப்பி, தேவையில்லாமல் இன்னொரு பயாப்ஸி வரை கொண்டுபோய் விடும். பங்குனியில் முடிந்த உங்களுக்குப் புரட்டாசிக்கு முன் வேண்டாம். தமாக்சிஃபன், லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரைக்கு, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து ஐந்து வருடமோ அதற்கு மேலோ கணக்கு. டிராஸ்டுசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு வழக்கமாக முதல் ஊசியிலிருந்து ஒரு வருடம், நடுவே சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ ஸ்கேன்.

ஆண்டு நிறைவு நாளில் உருப்படியாக ஒரு வேலை செய்யவேண்டுமென்றால், ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். மேலே சொன்ன தேதிகள், எந்தப் பக்கம், எந்த ஸ்டேஜ், கட்டியில் ஹார்மோன், புரத ஏற்பிகள் உண்டா என்று பார்த்த ஈஆர்–பிஆர்–ஹெர்2 முடிவு, எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள், ரேடியேஷன் மொத்த அளவு, எத்தனை நாள் கொடுத்தார்கள். கீமோ மருந்தின் பெயரோடு மொத்த அளவையும் டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து எடுத்து எழுதுங்கள். சிவப்பு மருந்து என்று எல்லோரும் சொல்லும் டாக்சோரூபிசினுக்கு வாழ்நாள் உச்சவரம்பு உண்டு. அது தாண்டினால் இதயம் பலவீனப்படும் ஆபத்து ஏறிவிடும். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பயாப்ஸி சதை பதிந்த மெழுகு பிளாக் எந்த லேபில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், பின்னால் புது டெஸ்ட் வந்தால் அதிலிருந்துதான் செய்வார்கள். ஈசிஜி, அல்ட்ராசவுண்ட் படங்கள் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருபவை, வருடங்கள் போனால் மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு வருடம். நன்றாக இருக்கிறாள். ஒரு ஸ்கேன் சென்டரில் ‘முழு உடல் பெட் ஸ்கேன், கேன்சர் மார்க்கர் சேர்த்து ஆண்டு நிறைவு பேக்கேஜ்’ என்கிறார்கள். எடுத்துவிட்டால் நிம்மதிதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

எடுக்க வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு பெட் ஸ்கேன், சிடி, எலும்பு ஸ்கேன், ரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3 மார்க்கர் எதையும் வழக்கமாக எடுக்க உலகின் பெரிய வழிகாட்டுதல்கள் எதுவும் சொல்லவில்லை. காசு மிச்சம் என்பதற்காக அல்ல. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து இத்தாலியில் நடந்த இரண்டு ஆய்வுகள் 1994-இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு மார்பு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் என்று விடாமல் எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு டாக்டர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். பரவியதைச் சில இடங்களில் முன்கூட்டிக் கண்டார்களே தவிர, ஆயுள் கூடவில்லை. மார்க்கரிலோ வேறு தொல்லை: ஈரல் கோளாறு போன்ற காரணங்களாலும் ஏறும். கொஞ்சம் ஏறிய எண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தூக்கமில்லாமல் தவிப்பதுதான் நடக்கும்.

அவருக்கு வேண்டியது சாதாரணமானது. முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் இரண்டு மார்பகம், அக்குள், கழுத்து, ஈரல் தொட்டுப் பார்ப்பது. நான்கு, ஐந்தாம் வருடங்களில் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மேமோகிராம் வருடம் ஒன்று. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் சாப்பிட்டால் எலும்பு அடர்த்திக்கு டெக்சா ஸ்கேன், தொடக்கத்தில் ஒன்று, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பேக்கேஜ் விற்பவர்கள் டெக்சாவைப் பற்றி வாய் திறப்பதில்லை, மாத்திரையால் எலும்பு தேய்வதுதான் இவர்களிடம் நிஜமாக நடப்பது.

உடனே டாக்டரிடம் ஓடவேண்டிய அறிகுறிகள் உண்டு. ஓய்விலும் இரவிலும் விடாத, இரண்டு மூன்று வாரத்தில் கூடிக்கொண்டே போகும் எலும்பு வலி, காரணமில்லாத வறட்டு இருமல் அல்லது மூச்சுத்திணறல், வாந்தியோடு காலைத் தலைவலி, தையல் வடுவில் சின்னக் கடலையளவு கட்டி. தமாக்சிஃபன் சாப்பிடுகிறவருக்கு மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கர்ப்பப்பையைப் பார்க்கவேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலை இதோடு ஒப்பிடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயில் கதை நேர் எதிர். அதில் சிஇஏ மார்க்கர் முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசியம், சிடியும் உண்டு, ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்தில் கொலனாஸ்கோப்பியும் (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) கட்டாயம். அடைப்போடு வந்து அவசர ஆபரேஷன் ஆகி முழுக்குடலையும் முன்பே பார்க்க முடியாமல் போயிருந்தால், வருடம் வரை காத்திருக்காமல் மூன்று முதல் ஆறு மாதத்திலேயே.

ஒரு வருடம் தாண்டினால் சமயபுரத்துக்கு நடந்து வந்து, மொட்டை போட்டு, தீச்சட்டி எடுப்பதாக மாரியம்மனுக்கு வேண்டியிருக்கிறேன். கீமோ முடிந்து நான்கு மாதம். கால் விரலும் கை விரலும் இன்னும் மரத்தே இருக்கின்றன. வலது அக்குளில் நெறிக்கட்டிகள் எடுத்திருக்கிறார்கள். வேண்டுதலை நிறைவேற்றலாமா?
– வாசகி, திருச்சி மாவட்டம்

மொட்டை போடலாம், நடை பாதி, தீச்சட்டி கூடாது.

கீமோ முடிந்து மூன்று, ஆறு வாரத்தில் முடி முளைக்கத் தொடங்கி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு மாதத்தில் மழிக்க முடி இருக்கும். போவதற்கு ஒரு வாரம் முன் ரத்தப் பரிசோதனை செய்து வெள்ளணுவும் தட்டணுவும் இயல்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நாவிதரிடம் உங்கள் கண் முன்னால் உறை பிரித்த புது பிளேடு போடச் சொல்லுங்கள், மஞ்சள் காமாலை வைரஸ் பழைய பிளேடில் வரும். கீறல் விழுந்திருந்தால் அந்த இடத்தில் கடைச் சந்தனம் பூசவேண்டாம். மூளைக்கு ரேடியேஷன் வாங்கியவர்கள் மட்டும் கத்தி வைக்காமல் மெஷினில் ஒட்ட வெட்டிக்கொள்வது நல்லது, அந்தத் தலைத்தோல் எளிதில் புண்ணாகும்.

நடை விஷயத்தில் பிரச்சினை கால் அல்ல, மரமரப்பு. பாக்லிடாக்செல் போன்ற மருந்துகள் நுனி நரம்புகளைத் தாக்குகின்றன. மரமரப்பு குணமாக ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும், சிலருக்கு முழுதும் சரியாவதில்லை. ஆக்சாலிபிளாட்டின் வாங்கியவர்களுக்கு மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டு போகும். மத்தியான நேரத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் போட்டதே தெரியாது, சாயங்காலம் துணியில் ஈரம் பார்த்துத்தான் தெரியவரும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, யாராவது பஞ்சுத் திரியால் எந்த விரலைத் தொடுகிறார்கள் என்று சொல்லுங்கள். இரண்டு, மூன்று விரலில் தவறினால் வெறுங்கால் வேண்டாம். பருத்தி சாக்ஸ், அரை சைஸ் பெரிய ஷூ, காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் நடை, ராத்தங்கலில் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. முழு தூரமும் வேண்டாம், கடைசி நாலைந்து கிலோமீட்டர் போதும். வெந்நீர்ச் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

தீச்சட்டிக்கு இரண்டு தடை. மரத்த விரல் சூட்டை உணராது. அதைவிட முக்கியம், நெறிக்கட்டி எடுத்த கையில் சின்னத் தீப்புண் போதும், கிருமி புகுந்து கை முழுக்கச் சிவந்து காய்ச்சலடித்து, அதன்பின் நிரந்தரமாக வீங்கிவிடக் கூடும். உங்களுக்காக வீட்டார் ஒருவர் எடுப்பதும் நம் ஊரில் நடப்பதுதானே. மாவிளக்கு போடலாம். பால் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு லிட்டர்ச் சொம்பாக, இடது கையில்.

கோயிலில் கட்டும் மஞ்சள் கயிறும் வளையலும் இடது கைக்கே. வலது கையில் இறுகலான எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும், மணிக்கட்டிலிருந்து பத்து பத்து சென்டிமீட்டர் தள்ளித் தையல் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கவேண்டும். முதலிலேயே பார்த்தால் அமுக்கு உறையும் பயிற்சியுமே போதும்.

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ரேடியேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கீழ்க் கடைவாய்ப்பல் ஆடுகிறது, வலி. பேரன் காதுகுத்துக்கு முன் பிடுங்கிவிடலாம் என்று உள்ளூர் பல் டாக்டர் சொல்கிறார்.
– வாசகர், இராமநாதபுரம்

பிடுங்கும் நாளுக்கு முன் ரேடியேஷன் கொடுத்த டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்தப் பல் இருக்கும் தாடையெலும்புக்கு எவ்வளவு கிரே (கதிர்வீச்சின் அளவு) போயிருக்கிறது?” அறுபதுக்கு மேல் போயிருந்தால் அது சாதாரணப் பல் பிடுங்கல் அல்ல. கதிர் பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் போன குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து, மாதக்கணக்கில் சீழ் வைத்து, தாடையையே வெட்டவேண்டிய நிலை வரும். கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து மேல்தாடையைவிட அதிகம். வருடம் ஆனதால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கவேண்டாம், அது வாழ்நாள் முழுக்க இருப்பது.

வலிக்கு வேர் சிகிச்சை செய்து, பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடமுடியுமா என்று பார்க்கலாம். பிடுங்கியே ஆகவேண்டுமென்றால், கதிர்வீச்சு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய வாய்முக அறுவை நிபுணர் கையால், ஆன்டிபயாடிக் பாதுகாப்போடு, எலும்பை அதிகம் உரசாமல். எல்லாவற்றுக்கும் முதலில், அந்தப் பல் ஆடுவதற்குக் காரணம் நோயே திரும்பியதா என்று பார்க்கவேண்டும். பல் டாக்டரின் நாற்காலியில் இது தவறிப்போகிற இடம்.

இந்தச் சாக்கில் இரண்டு விஷயம். கழுத்துக்கு ரேடியேஷன் போயிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டும். அசதி, மலச்சிக்கல், மந்தம் எல்லாம் ‘கேன்சர் வந்த உடம்பு’ என்று விட்டுவிடுகிறார்கள், பல நேரம் தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கும், ஒரு மாத்திரையில் சரியாகும். இன்னொன்று வாய் திறப்பு. அவருடைய மூன்று விரல்கள் நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு நடுவே போகின்றனவா? போகாவிட்டால் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து அரை நிமிடம் நீட்டிப் பிடிக்கும் பயிற்சி, ஒரு நாளைக்குப் பல தடவை, வாரம் ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகவேண்டும். விருந்தில் வெற்றிலைத் தட்டு அவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு பாக்கு மட்டும் என்றாலும் கூடாது. பாக்கே புற்றுநோய்க் காரணிதான்.

கீமோ முடிந்துவிட்டது, மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்த கீமோ போர்ட் மட்டும் நெஞ்சில் இருக்கிறது. ஒரு வருடமாக யாரும் தொடவில்லை.
– வாசகி, மதுரை

இந்த வாரமே போங்கள். பயன்படுத்தாத போர்ட்டை வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சலைனும் ஹெப்பாரினும் விட்டுக் கழுவுவார்கள், சில மருத்துவமனைகளில் மூன்று மாதம் வரை விடுகிறார்கள். வருடம் என்றால் குழாய் நுனியில் ரத்தம் உறைந்திருக்கலாம். சாதாரண ஊசி போடவிடாதீர்கள், அது போர்ட்டின் ரப்பரைத் துண்டாக அறுத்துவிடும், ஹியூபர் ஊசிதான். அந்தப் பக்கக் கையோ கழுத்தோ வீங்கியிருந்தால் கழுவுவதற்கு முன்னாலேயே ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். இனி தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் எடுத்துவிடுங்கள், மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கிற சின்ன ஆபரேஷன்.

நாள் நெருங்க நெருங்க என்னால் முடியவில்லை. ரிப்போர்ட் வந்த அன்றைக்கு மழை, அந்த மழை வாசனையே ஆகவில்லை. செக்கப்பும் அதே வாரம். வீட்டில் “எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?” என்கிறார்கள்.
– பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

முதலில் அந்த செக்கப் தேதியை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்வதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. இரண்டு வாரம் முன்னே பின்னே போவதால் ஒன்றும் கெட்டுவிடாது, ரிசப்ஷனில் கேட்டாலே மாற்றித் தருவார்கள். டெஸ்ட் எடுப்பதும் டாக்டரைப் பார்ப்பதும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வரும்படி கேளுங்கள், நடுவில் கிடக்கும் நாலு நாள்தான் ஆளைக் கொல்வது.

ரிப்போர்ட் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். திறக்காதீர்கள். முன்கூட்டியே வீட்டில் ஒருவரிடம், “நீ படி, டாக்டரிடம் சேர்ந்து போவோம்” என்று ஒப்படைத்துவிடுங்கள். திறந்துவிட்டால் பயப்படாமல் இருக்கக் கொஞ்சம் விவரம்: மேமோகிராம் ரிப்போர்ட்டின் அடியில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணம், ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கவேண்டும். 0 என்றால் நோய் இல்லை என்றும் அல்ல, இருக்கிறது என்றும் அல்ல, படம் போதவில்லை என்று பொருள். 4, 5 என்றால்தான் பயாப்ஸி. ‘ஆபரேஷனுக்குப் பிந்தைய மாற்றங்கள்’ என்ற வரி உங்கள் தழும்பைத்தான் சொல்கிறது.

வீட்டாரிடம் பொதுவாக “பயமாக இருக்கிறது” என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது, ஆறுதல் சொல்லிவிட்டு நகர்வார்கள். வேலையாகச் சொல்லுங்கள்: “அந்த வாரம் நீ லீவு போடு”, “அன்றைக்குச் சமையல் நீங்கள்”. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது ஆண்டு நிறைவுப் பதற்றம் என்று ஒதுக்கும் விஷயம் இல்லை. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் டெலி-மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருந்து எழுதும் டாக்டரிடம் தமாக்சிஃபன் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். பராக்சிட்டின், ஃபுளுவாக்சிட்டின் இரண்டும் தமாக்சிஃபனை உடலில் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறவிடாமல் தடுக்கும், வென்லாஃபாக்சின் அவ்வளவாகத் தடுக்காது.

மகனுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல். கண்டுபிடித்து ஒரு வருடம். இப்போது நோய் திரும்பாமலிருக்க மெயின்டெனன்ஸ் மாத்திரைகள். பிறந்தநாள்போல் கேக் வெட்டி, தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிடலாமா?
– வாசகர், சேலம்

கேக் வெட்டலாம், தெரு முழுக்க வேண்டாம். ஏஎல்எல்லில் ஒரு வருடம் என்பது வழியில் ஒரு ஸ்டாப். மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம் வரை போகும். ‘முடிந்துவிட்டது’ என்று பிள்ளையிடமோ பள்ளியிலோ சொல்லிவைத்தால் அடுத்த வருடம் பதில் சொல்ல முடியாது.

கொண்டாட்டத்தை ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த நாளாக வையுங்கள், நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கையை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தேதி சொல்லலாம். ஐந்நூறுக்குக் கீழ் என்றால் தள்ளிப்போடுங்கள். நாலைந்து பிள்ளைகள், காற்றோட்டமான முற்றம் அல்லது மாடி. கூப்பிடும்போதே பெற்றோரிடம் “காய்ச்சல், சளி, அம்மை இருக்கிறதா?” என்று கேட்கக் கூச்சப்படவேண்டாம். கேக் அன்று செய்ததாக இருக்கட்டும், மெழுகுவத்தி ஊத அவனுக்கென்று தனியாக ஒரு துண்டு. யாருக்காவது மறுநாள் சின்னம்மை கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யவேண்டும். தடுப்புப் புரத ஊசி எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால், போலியோ முகாமில் அவர்களுக்குச் சொட்டு மருந்து வேண்டாம், ஊசியாகப் போடச் சொல்லுங்கள். சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறி அண்ணனுக்கு ஒட்டும்.

விருந்து சந்தடியில் மாத்திரை தப்பிப்போகும், அதைவிட மோசம் இரட்டிப்பாவது. 6-எம்பி (மெர்காப்டோபியூரின்) தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்து எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிர் போன சம்பவங்கள் மருத்துவ உலகில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. பட்டை மேல் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மாத்திரை 2.5, 5, 7.5, 10 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவில் வருகிறது, கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் எண்ணைப் படித்துப் பாருங்கள். உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது, நேராக மருத்துவமனை.

சிகிச்சை முடிந்து வருடம் ஆனவர்கள் முள்சீத்தா இலைக் கஷாயமும் மஞ்சள் கேப்ஸ்யூலும் சாப்பிட்டால் திரும்ப வராதாமே?
– வாசகர், தேனி

முள்சீத்தா மனிதர்களில் புற்றுநோயைத் தடுத்ததாக நிரூபணம் இல்லை. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில், இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். கீமோவில் ஏற்கெனவே நரம்பு அடிபட்டவர்கள் இதைத் தொடவேண்டாம். சாம்பார், ரசத்து மஞ்சள் பொடி தாராளமாகச் சேர்க்கலாம். குர்குமின் கேப்ஸ்யூல் தமாக்சிஃபனின் வேலைசெய்யும் வடிவத்தை ரத்தத்தில் குறைப்பதாக நெதர்லாந்தில் ஒரு சிறு ஆய்வில் தெரிந்தது, மிளகுச் சத்து சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறைந்தது. தமாக்சிஃபன் சாப்பிடுகிறவர்கள் கேப்ஸ்யூலை நிறுத்துங்கள்.

வருடாந்திர செக்கப்புக்குத் தூத்துக்குடியிலிருந்து சென்னை போகவேண்டும். ரயில் சலுகை சிகிச்சைக்கு மட்டும்தானா?
– வாசகர், தூத்துக்குடி

செக்கப்புக்கும் உண்டு. மருத்துவமனையில் ரயில்வேயின் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவுக் கவுன்ட்டரில் கொடுக்கவேண்டும். நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுதும் சலுகை, கூட வருபவருக்கு அவற்றில் 75 சதவீதம். இரண்டாம் வகுப்பு, ஏசி சேர் காரில் இருவருக்கும் 75, முதல் வகுப்பு ஏசியிலும் இரண்டடுக்கு ஏசியிலும் 50. 

அம்மாவுக்கு ஓராண்டு நிறைவன்று சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் அன்னதானம் செய்ய ஆசை. அம்மா ரத்த தானமும் செய்கிறேன் என்கிறார்.
– வாசகி, விழுப்புரம்

அம்மா ரத்தம் கொடுக்க முடியாது. புற்றுநோய் வந்தவர்களிடம் நம் நாட்டு விதிப்படி ரத்தம் எடுப்பதில்லை. நீங்கள் கொடுக்கலாம். புற்றுநோய் மருத்துவமனையில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது தட்டணுக்கள். எடுத்தால் ஐந்து நாள்தான் தாங்கும், ஃபிரிட்ஜில் வைக்கவும் முடியாது, 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைக்கவேண்டும். அதனால் ஒரே நாளில் பத்துப் பேர் போய் நிற்பதைவிட, ரத்த வங்கியில் பெயரும் ரத்த வகையும் எழுதிவைத்து, அவர்கள் கூப்பிடும் நாளில் ஒருவர் ஒருவராகப் போவது உதவும். எடை ஐம்பது கிலோவுக்கு மேல், தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல், கையில் நல்ல நரம்பு, மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிடாமல் இருக்கவேண்டும். இயந்திரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். சிவப்பணுக்கள் உங்களுக்கே திரும்பிவிடும் என்பதால் பலவீனம் வராது.

அன்னதானத்துக்கு முன் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். கீமோவில் வெள்ளணு குறைந்தவர்கள் வெளியில் சமைத்த சாப்பாடு சாப்பிடக்கூடாது, வாசலில் நின்று கொடுத்தால் அவர்களும் வாங்கிவிடுவார்கள். வராந்தாவில் படுத்துக் கிடக்கும் துணைக்கு வந்தவர்களுக்குத்தான் சாப்பாடு வேண்டும். சுடச்சுட சாம்பார் சாதம், தோல் உரிக்காத வாழைப்பழம் சரி. தயிர்ப் பச்சடி, பச்சைச் சட்னி, வெட்டிய பழம் வேண்டாம். பணமாகக் கொடுக்க மனமிருந்தால் மருந்து வாங்க முடியாதவர்களுக்கான நிதியில் கட்டுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மக்களிடம் திரட்டிய நிதியில் 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கியதுதான்.

தானும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால், கண் தானப் படிவம் கொடுங்கள். ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், கண்ணில் வரும் புற்றுநோய் தவிர மற்றவர்களிடம் பொதுவாகக் கருவிழியை ஏற்றுக்கொள்கிறார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். காலமானபின் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்பதால், கண் வங்கியின் எண்ணை அம்மாவின் போனில் மட்டும் வைக்காமல் உங்கள் போனிலும் பதிந்துவையுங்கள்.